4,000 வெள்ளிக்கு அப்புறம்?

செயற்கை நுண்ணறிவால் எல்லாருடைய உற்பத்தித்திறனும் கூடும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள், சரி, ஆனால் கூடுகிற வருமானம் யார் கைக்குப் போகிறது என்று ஒரு வரிகூட இல்லையே. என் அக்காவுக்கு 53 வயது, சிங்கப்பூர் உட்லண்ட்ஸிலிருந்து தினமும் எம்ஆர்டி ரயில் பிடித்துப் போய் 18 வருடம் ஒரே அலுவலகத்தில் இன்வாய்ஸ் பதிவு செய்தவர். போன வருடம் மென்பொருளே அதைச் செய்கிறது என்று ஆறு பேரை இரண்டு பேராக்கிவிட்டார்கள், அக்காவும் வெளியே. மிஞ்சிய இருவருக்கும் சம்பளம் ஒரு வெள்ளிகூட ஏறவில்லை.

வளர்ந்த நாடுகளில் சுமார் 60 விழுக்காட்டு வேலைகளைச் செயற்கை நுண்ணறிவு தொடும், அதில் ஏறக்குறைய பாதிக்குப் பாதகமாகலாம் என்று ஐஎம்எஃப் (அனைத்துலகப் பண நிதியம்) 2024 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. அந்த வருடம் 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அரசாங்கம் கொடுத்த 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சித் தொகை நல்ல திட்டம்தான், அக்கா இப்போது அதில்தான் படிக்கிறார். அப்புறம்? இந்த வயதில் யார் வேலைக்கு எடுக்கிறார்கள்? வொர்க் பெர்மிட்டில் வந்து இங்கே வேலை செய்யும் நம் ஊர்த் தம்பிகளுக்கு அதுவும் கிடையாது. ஆட்குறைப்பு இழப்பீடு இங்கே சட்டப்படி கட்டாயமில்லை, அரசாங்கம் முதலில் அதை மாற்றட்டும்.