தட்டு உருகுவதில்லை, நீரை விடுகிறது

ஒரு புவியோட்டுத் தட்டு இன்னொன்றின் கீழே அமிழும் இடங்களில் எரிமலைகள் எழுகின்றன. ‘கீழே அமிழும் தட்டு உருகித்தான் எரிமலைக் குழம்பாகிறது’ என்று சொல்லப்படுவதைத் திருத்த வேண்டும். பெரும்பாலான இடங்களில் உருகுவது தட்டுக்கு மேலே இருக்கும் மூடகம்தான் (மேலோட்டுக்குக் கீழுள்ள பாறை அடுக்கு). தட்டிலுள்ள கனிமங்கள் சுமார் 100 கி.மீ. ஆழத்தில் நீரை வெளிவிடுகின்றன. அந்த நீர் மூடகப் பாறையின் உருகுநிலையைப் பல நூறு டிகிரி குறைக்கிறது.

பேரியம், ஈயம், ஸ்ட்ரான்சியம் ஆகியவை நீரோடு எளிதில் மேலேறும். நியோபியமும் டான்டலமும் ஏறாது. அவற்றை ருட்டைல் என்னும் டைட்டேனியம் கனிமம் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதே பலர் ஏற்கும் விளக்கம். ஈயம் ஏறுவதால் குறையும் சீரியம்/ஈயம் விகிதத்தைப் பாருங்கள்: தட்டுகள் விலகும் நடுக்கடல் முகட்டின் பசால்ட் எரிமலைப் பாறையில் சுமார் 25, தட்டு அமிழும் இடத்து எரிமலைப் பாறைகளில் பெரும்பாலும் 10-க்கும் கீழே. வண்டலும் கீழே போய்த் திரும்புகிறது என்பதற்கு அழகான சாட்சி பெரிலியம்-10 என்னும் கதிரியக்க ஐசோடோப்பு. வளிமண்டலத்தில் உருவாகிக் கடலடி வண்டலில் படியும் இதன் அரை ஆயுள் சுமார் 14 லட்சம் ஆண்டுதான். ஆனாலும் நிகரகுவா எரிமலைப் பாறைகளில் அளக்கும் அளவுக்கு இருக்கிறது!

வயது குறைந்த, சூடான தட்டு சில இடங்களில் உண்மையிலேயே உருகும். அங்கே கார்னெட் என்னும் கனிமம் இட்ரியத்தைப் பிடித்துக்கொள்வதால் ஸ்ட்ரான்சியம்/இட்ரியம் விகிதம் எகிறும்.

இந்த விகிதங்களை அளக்கப் பாறை மாதிரியை டங்ஸ்டன் கார்பைடு கலத்தில் அரைக்காதீர்கள். டான்டலம் கலந்துவிடும், பிறகு நியோபியம்/டான்டலம் விகிதத்தை நம்பவே முடியாது. அகேட் கலமே நல்லது. சிதைந்த மேற்பரப்பையும் வெட்டி நீக்குங்கள்; பேரியமும் ருபிடியமும் மழைநீரிலேயே இடம் மாறும். நியோபியம் குறைவு என்பதை மட்டும் வைத்து, தட்டு அமிழும் இடத்துக் குழம்பு என்று முடிவு கட்டவும் கூடாது, கண்ட மேலோடு கலந்த குழம்பிலும் அதே குறைவு தெரியும்.