எல்லைக்குள் இருந்தவை

கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் படிக்கும்போது நம்மில் பெரும்பாலோர் தாண்டிப் போய்விடும் பகுதி ஒன்று உண்டு. மன்னனின் பெயர், ஆட்சியாண்டு, வென்ற போர்கள், கொடுத்த தானம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, அதற்குப் பின் பல வரிகளுக்கு நீளும் நில எல்லை விவரத்தை ‘வழக்கமான வாசகம்’ என்று ஒதுக்கிவிடுகிறோம். அந்த வழக்கமான வாசகத்தைத்தான் எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். குமரி மாவட்டத்தில் ஒரு விளையின், அதாவது தோட்டத்தின், நடுவே வீடு கட்டி, எழுத்தையே அன்றாட வேலையாகக் கொண்டு வாழும் எனக்கு, அந்த எண்ணம் தோட்டத்தைப் பார்த்துப் பார்த்து உறுதிப்பட்டது.

நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரை அளித்ததைச் சொல்லும் செப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். லெய்டன் செப்பேடு என்று பலரும் அறிந்தது அதுதான். கொடுக்கப்பட்ட நிலத்தில் என்னென்ன அடங்கும் என்று அது சொல்லிக்கொண்டே போகிறது. மனையும் மனைப்படப்பையும் வருகின்றன, கன்று மேய்கிற பாழ் வருகிறது, புற்று வருகிறது, மீன் பயில் பள்ளமும் தேன் பயில் பொதும்பும் வருகின்றன, மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும் வருகின்றன. கடைசியில், இனி எதுவும் விட்டுப்போகக் கூடாது என்பதற்காக, ‘உடும்போடி ஆமை தவழ்ந்தது’ எவ்வகைப்பட்டதாயினும் அதுவும் இதில் அடங்கும் என்று முடிக்கிறார்கள். உடும்பு ஓடுவது மேட்டுநிலத்திலும் கரட்டிலும். ஆமை தவழ்வது ஈரத்தில். இந்த இரண்டு உயிர்களின் நடமாட்டத்தைச் சொன்னாலே ஓர் ஊரின் நன்செய், புன்செய், தரிசு, நீர்நிலை எல்லாம் அடங்கிவிடும் என்று அந்த ஆவணத்தை எழுதியவர் அறிந்திருந்தார். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஓர் அரசு ஊழியரின் கையெழுத்து வேலையில் இவ்வளவு கூர்மையான பார்வை இருப்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

நான் காலையில் எழுத உட்காரும் இடம் வீட்டின் பின்புறச் சாய்ப்பு. அங்கிருந்து கிணறும், அதைச் சுற்றி நிற்கும் மட்டி வாழைகளும், ஒரு பழைய அயினி மரமும், விளையின் கிழக்கு ஓரத்தில் கல்லும் மண்ணும் அடுக்கிய வரம்பான கையாலையும் தெரியும். வெயில் ஏறி மண் சூடான பிறகு, பெரும்பாலும் நான் ஒரு பத்தியை அடித்துத் திருத்திக்கொண்டிருக்கும் நேரத்தில், உடும்பு வெளியே வரும். கையாலையின் கல்லிடுக்கில் இருந்து முதலில் தலை மட்டும் தெரியும். பிளந்த நாக்கு வெளியே வந்து, காற்றைத் தொட்டு, உள்ளே போகும், மறுபடியும் வரும். நெடுநேரம் அப்படியே இருந்துவிட்டு, தோள் ஒரு பக்கமும் இடுப்பு மறுபக்கமுமாக அசைய, வாலை மண்ணில் இழுத்துக்கொண்டு, வாழைச்சருகைக் கிளறியபடி புற்றுவரை போகும். அது போன தடத்தில், இரண்டு பக்கமும் நகக்குறிகளும் நடுவில் வால் இழுத்த ஒற்றைக் கோடும் மண்ணில் பதிந்து கிடக்கும். ‘உடும்போடி’ என்ற சொல்லை நான் அச்சில் படித்தது பல ஆண்டுகளுக்கு முன்பு. அந்தக் கோட்டைக் குனிந்து பார்த்தபோதுதான் அது ஓர் அளவுக்கோடாகவும் இருந்திருக்க முடியும் என்று புரிந்தது.

ஆமையைப் பார்ப்பது அரிது. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது என்பதால் ஆனியிலும் ஐப்பசியிலும் தோடு, அதாவது ஓடை, நிறைந்து ஓடும். அப்படி ஓடும் நாட்களில் காராமை சில வேளை கரையேறி விளைக்குள் வந்துவிடும். அடுத்த வீட்டுப் பையன் ஒருவன் அதைக் குச்சியால் புரட்டிப் போடப் போனபோது, எங்கள் வீட்டில் பெரியவராக இருந்த அத்தை சத்தம் போட்டார்: “மக்களே, அதைத் தொடாத, போட்டும். நம்ம விளையில உள்ளதாக்கும்.” செப்பேடு எதையும் அவர் படித்தவரல்லர். நிலத்தில் தவழ்வது நிலத்தைச் சேர்ந்தது என்ற அந்தப் பழைய கணக்கு அவருடைய பேச்சில் தானாகவே இருந்தது.

இதை இயற்கைப் பற்று என்று சொல்லி மகிழ்ந்துவிட நான் விரும்பவில்லை. எல்லை வாசகங்கள் உரிமையையும் வரியையும் பற்றிய வாசகங்கள். தேன் பயில் பொதும்பைச் சொன்னது தேனுக்கு உரியவர் யார் என்று உறுதிசெய்ய. மீன் பயில் பள்ளத்தைச் சொன்னது மீனின் வருவாய் யாருக்கு என்று சொல்ல. ஆனாலும் உரிமையைச் சொல்வதற்குக்கூட முதலில் அங்கே என்ன இருக்கிறது என்று பார்த்தாக வேண்டியிருந்தது. எல்லை குறிக்கப் போனவர்கள் பெண் யானையை நடத்தி, அது சுற்றிவந்த வழியே தாங்களும் நடந்து, கல்லும் கள்ளியும் நட்டார்கள். ‘பிடி சூழ்ந்து பிடாகை நடந்து’ என்று சோழர் செப்பேடுகள் அதைச் சொல்கின்றன. காலால் நடந்து பார்த்தவர்கள் எழுதிய உரைநடை அது. அதனால்தான் அதில் புற்று விடுபடவில்லை.

பிடாகை என்ற சொல் எங்கள் மாவட்டத்துக்கு நெருக்கமானது. நாஞ்சில் நாடு பன்னிரண்டு பிடாகைகளாக, அதாவது ஊர்த்தொகுதிகளாக, பிரிந்திருந்தது. ஒவ்வொரு பிடாகைக்கும் பொறுப்பாளர்கள் இருந்தார்கள். திருவிதாங்கூர் அரசின் வரிச்சுமை தாங்க முடியாமல் போனபோது பிடாகைக்காரர்கள் கூடிப் பேசி எதிர்ப்பைத் தெரிவித்த செய்திகள் ஓலைகளில் உள்ளன. அழகியபாண்டியபுரம் முதலியார் குடும்பத்தில் காக்கப்பட்டிருந்த அந்த ஓலைகளைத் தேடிச் சென்று படித்து வெளியுலகுக்கு அறிவித்தவர்களில் முதன்மையானவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. இன்றைக்கு நாகர்கோவிலில் பேருந்துக்கு நிற்கும் ஓர் இளைஞரிடம் பிடாகை என்றால் என்ன என்று கேட்டால், ஏதோ ஊர்ப்பெயர் போலிருக்கிறது என்பார். தன் தாத்தாவின் தாத்தா எந்தப் பிடாகையில் வரி கட்டினார் என்பது அவருக்குச் சொல்லப்படவே இல்லை.

கவிமணியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. 1876இல் தேரூரில் பிறந்தவர். பணியில் இருந்து ஓய்வு பெற்றபின் புத்தேரியில் வாழ்ந்து 1954இல் அங்கேயே மறைந்தவர். தோட்டத்தில் மேயும் பசுவையும் அதன் கன்றையும் குழந்தைகளுக்குப் பாட்டாக்கிய அதே கை, கல்வெட்டுகளைப் படி எடுத்தது; காந்தளூர்ச் சாலையைப் பற்றி ஆராய்ந்து எழுதியது. இப்போது நாம் அவரைக் குழந்தைப் பாடல்களின் கவிஞர் என்று ஒரு பக்கமும், ஆய்வாளர் என்று மறுபக்கமும் பிரித்து வைத்துப் பேசுகிறோம். அவருடைய வாழ்க்கையில் அப்படி ஒரு பிரிவு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. தேரூர்க் குளக்கரையில் வளர்ந்த ஒருவருக்கு, நாரையும் நெல்லும் ஓலையும் ஒரே ஊரின் செய்திகளாகத்தான் இருந்திருக்கும்.

அந்தத் தேரூர்க் குளமும் சுசீந்திரம் குளமும் சேர்ந்த ஈரநிலத்துக்கு, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி 2022இல் கிடைத்தது. அதையொட்டி வந்த அரசுக் குறிப்பில் சுமார் 250 வகைப் பறவைகள் அங்கே காணப்படுவதாகச் சொல்லியிருந்தார்கள். அதோடு, ஒன்பதாம் நூற்றாண்டுச் செப்பேடு ஒன்றில் இப்பகுதியின் பசுங்குளம், பெருங்குளம் போன்ற குளங்களின் பெயர்கள் வருவதையும் குறிப்பிட்டிருந்தார்கள். பறவைகளின் எண்ணிக்கையைச் செய்தித்தாள்கள் எடுத்துப் போட்டன. குளங்களின் பெயர்களைப் பற்றி யாரும் பேசியதாக நான் கேள்விப்படவில்லை. எனக்கு அது வருத்தமாக இருந்தது. பறவைக்கு ஒரு நீர்நிலை போதும் என்றாலும், நீர்நிலையைக் காப்பாற்ற முனைகிறவருக்கு அதன் பெயரும் வயதும் வேண்டும். ஆயிரத்து நூறு ஆண்டுகளாகப் பெயர் சொல்லி அழைக்கப்பட்ட குளம் இது என்று சொல்லக்கூடியவர்கள் ஊரில் இருந்தால், அதன் கரையில் குப்பை லாரி வந்து நிற்பதற்குக் கொஞ்சமாவது தயக்கம் இருக்கும்.

இதே மாவட்டத்தின் மேற்குக் கோடியில், முஞ்சிறைக்கு அருகே பார்த்திவபுரம் இருக்கிறது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் முஞ்சிறைச் சபையாரிடம் மாற்று நிலம் கொடுத்து அந்த இடத்தைப் பெற்று, கோயில் எழுப்பி, 95 சட்டர்கள் தங்கிப் படிப்பதற்குச் சாலை ஒன்றை நிறுவியதைச் சொல்லும் செப்பேடு 866ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சட்டர் என்றால் மாணவர். சாலை என்றால் கல்விக்கூடம். எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் சாலை என்றால் தார் போட்ட வழியைத்தான் அறிவார்கள். அரசனே ஆனாலும் சபைக்குரிய நிலத்துக்கு ஈடாக நிலம் கொடுத்துத்தான் வாங்கினான் என்ற ஒரு செய்தியே ஒரு வகுப்பு முழுவதும் பேசுவதற்குப் போதும்.

இனிமையான சொற்களை மட்டும் பொறுக்கி எடுத்துப் பெருமை பேசுவதும் எனக்கு உடன்பாடில்லை. தேன் பயில் பொதும்பு என்று சொல்லி நெகிழ்கிறவர்கள், இதே நாஞ்சில் நாட்டு ஓலைகளில் மனிதர்கள் விற்கப்பட்டதும் ஒற்றி வைக்கப்பட்டதும் எழுதப்பட்டிருப்பதையும் படிக்க வேண்டும். திருவிதாங்கூரில் 1855ஆம் ஆண்டு அரச அறிவிப்பால் அடிமைமுறை ஒழிக்கப்படும் வரை அந்த ஓலைகளுக்குச் செல்லுபடி இருந்தது. உடும்பையும் ஆமையையும் எண்ணியவர்கள், அந்த நிலத்தில் சேற்றில் நின்றவரையும் உடைமையாகவே எண்ணினார்கள். அடிமை ஓலை என்ற சொல் மறந்துபோனதில் சிலருக்கு வசதி உண்டு. விற்கப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் இங்கேதான் வாழ்கிறார்கள். அவர்களுக்கு அந்த வசதி இல்லை. மறந்துபோன சொற்களைத் தேடி எடுக்கிறோம் என்றால் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும்.

நம் வீட்டு ஆவணங்களுக்கு வருகிறேன். 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முந்தைய ஆதாரங்களில், அதாவது நிலப் பத்திரங்களில், மலையாள நாட்டுக் கணக்கான கொல்லம் ஆண்டு போட்டிருக்கும். தமிழும் மலையாளமும் கலந்த ஒரு மொழியில் விளை, புரையிடம், தோடு, கையாலை, ஒற்றி, பாட்டம் என்று எழுதியிருக்கும். ‘குழிக்கூறு சமயங்கள்’ என்றொரு தொடர் வரும். ஒருவர் குழி எடுத்து நட்டு வளர்த்த மரங்களும் நிலத்தில் அவர் செய்த மேம்பாடுகளும் அதில் அடங்கும். நிலம் ஒருவருடையதாக இருக்கலாம், அதில் நட்ட மாமரம் இன்னொருவருடைய உழைப்பாக இருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்ளும் சொல் அது. எங்கள் விளையின் பழைய ஆதாரத்தில், மேற்கு எல்லை ஒரு புளியமரத்தைச் சொல்லித்தான் தொடங்குகிறது. இப்போது எழுதப்படும் பத்திரத்தில் சர்வே எண் இருக்கும், சென்ட் இருக்கும், ஏர்ஸ் இருக்கும். நான்கெல்லையில் பெரும்பாலும் ‘இன்னாரின் மனை’ என்றும் ‘பாதை’ என்றும் இருக்கும். அளவு மிகத் துல்லியமாகிவிட்டது, அதை நான் குறை சொல்லவில்லை. எல்லைத் தகராறில் சொந்தபந்தங்கள் கோர்ட்டில் அலைந்த கதை இங்கே எல்லாக் குடும்பத்திலும் உண்டு. ஆனால் அந்தத் துல்லியமான அளவுக்குள் என்ன இருக்கிறது என்று இப்போது எந்தக் காகிதமும் சொல்வதில்லை. புளியமரத்தை எழுதாத பத்திரத்துக்குப் புளியமரம் வெட்டப்பட்டாலும் ஒன்றும் ஆகாது.

கையாலையை வைத்தே இதை விளக்கலாம். கல்லும் மண்ணும் அடுக்கி, மேலே எதையாவது நட்டு, ஆண்டுதோறும் சரிந்ததை எடுத்துக்கட்டி வைத்திருக்கும் வரம்பு அது. அதன் இடுக்குகளில் அரணை இருக்கும், சாரை இருக்கும், கீரி குட்டி போடும். மழைத்தண்ணீர் அதன் வழியே கசிந்து அடுத்த விளைக்குப் போகும். அதை இடித்துவிட்டு ஹாலோ பிளாக் வைத்து மதில் எழுப்பும்போது, எல்லை ஓர் அங்குலமும் மாறுவதில்லை, ஆவணத்திலும் ஒரு சொல் மாற வேண்டியதில்லை. உடும்பு மட்டும் வழியில்லாமல் சாலைக்குப் போய் வண்டியில் அடிபடுகிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உடும்பு இருக்கிறது; அதைப் பிடிப்பதும் கொல்வதும் கடுங்குற்றம். அந்தச் சட்டம் தேவை. ஆனால் அட்டவணையில் இருக்கும் உடும்புக்கு ஊர் இல்லை, விளை இல்லை. செப்பேட்டில் இருந்த உடும்புக்கு அவை இருந்தன.

நாவல் எழுதுகிறவர்களும் ஊர்வரலாறு எழுதுகிறவர்களும் இப்போது இங்கே நிறைய இருக்கிறார்கள். என் நண்பர்கள் பலர் அதில் உண்டு. அவர்களிடம் நான் கேட்பது இதுதான். எழுத்தில் ஒரு தோட்டம் வரும்போது ‘பறவைகள் கூவின, மரங்கள் அசைந்தன’ என்று போய்விடாதீர்கள். அது அயினியா, ஆஞ்சிலியா, உங்கள் ஊரில் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். செம்போத்து தாழப் பறந்து எந்தப் புதருக்குள் நுழைந்தது, மரநாய் எந்த மரத்தின் பழத்தைத் தின்றது என்று போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள். பிடி சூழ்ந்தவர்களின் உரைநடை அப்படித்தான் பிறந்தது. வருணனைக்கு அழகு சேர்ப்பதற்காக நான் இதைக் கேட்கவில்லை. இன்று நாம் எழுதிவைக்கும் பெயர்கள்தான் நாளைக்கு ஒரு குளத்தையோ ஓடையையோ பற்றி வழக்கு வரும்போது ஊரார் எடுத்துக்காட்டக்கூடிய சான்றாக நிற்கும்.

வீட்டில் பழைய ஆதாரமோ ஓலையோ உள்ளவர்கள், அதில் பெயர், தொகை, கையெழுத்து ஆகியவற்றைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட வேண்டாம். நான்கெல்லைப் பகுதியை மட்டும் ஒரு தாளில் அப்படியே, எழுத்துப்பிழை என்று தோன்றுவதையும் திருத்தாமல், படி எடுத்து வையுங்கள். வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே உட்கார்ந்து கேளுங்கள், ஏனென்றால் அந்தக் கூட்டெழுத்துகளும் சுருக்கக் குறிகளும் அவர்களுக்குத்தான் வசப்படும். பிறகு அந்தத் தாளோடு விளைக்குப் போய், சொல்லப்பட்ட தோடு எங்கே, மரம் எங்கே, கிணறு எங்கே என்று நடந்து பாருங்கள். இல்லாமல் போனதை ‘இல்லை’ என்று எதிரே குறியுங்கள். எங்கள் விளைக்கு நான் இதைச் செய்து முடித்துவிட்டேன். தெற்கே இருக்கும் தோட்டின் பழைய பெயர் பக்கத்து மூன்று வீட்டு ஆதாரங்களில் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பதால், இந்த வாரம் அவர்களோடு உட்கார்ந்து அதை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.