80 மெஷ் என்றால் எத்தனை மைக்ரான்?

மாவு விற்கிறவர்கள், மூலிகைப் பொடி விற்கிறவர்கள், சல்லடை விற்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். மெஷ் நம்பரை மட்டும் வைத்து வியாபாரம் பேசுவதை விட்டுவிடுங்கள். மைக்ரானைச் சொல்லுங்கள், அதில் எத்தனை சதவீதம் இறங்கும் என்பதையும் சொல்லுங்கள்.

கும்பகோணம் பக்கத்தில் ஒரு மகளிர் குழு அனுப்பிய சத்துமாவு அண்மையில் திரும்பி வந்தது. வாங்கியவர் கேட்டது 80 மெஷ். குழுவிடம் இருந்ததும் 80 மெஷ் சல்லடைதான். "கண்ணை எண்ணியே பாத்துட்டோம் தம்பி, சரியா எண்பது இருக்கு" என்றார் குழுவை நடத்தும் அக்கா. அவர் எண்ணியது சரி. வாங்கியவர் சலித்துப் பார்த்ததும் 80 மெஷ்ஷில்தான். ஆனால் இரண்டிலும் இறங்கும் மாவு வேறு வேறு.

மெஷ் என்பது ஓர் அங்குல நீளத்தில் எத்தனை கண் என்ற எண்ணிக்கை, அவ்வளவுதான். ஓர் அங்குலம் 25.4 மி.மீ. அதை எண்பதால் வகுத்தால் ஒரு கண்ணுக்கு 317 மைக்ரான் சொச்சம் வருகிறது. ஒரு மில்லிமீட்டருக்கு ஆயிரம் மைக்ரான். ஆனால் அந்த 317-க்குள் கம்பியும் அடக்கம். கம்பியின் தடிமன் 140 மைக்ரான் என்றால் ஓட்டை 178தான். மாவு சலிக்கவென்றே மெல்லிய கம்பியில் நெய்த வலையும் சந்தையில் உண்டு. அதில் கம்பி 94 மைக்ரான், ஓட்டை 224. இரண்டுமே 80 மெஷ்தான், பொய் சொன்னவர் யாரும் இல்லை. பரிசோதனைக் கூடத்தில் 80 நம்பர் சல்லடை என்றால் 180 மைக்ரான் என்று தரக்கட்டுப்பாடு இருக்கிறது. கடையில் வாங்கும் வலையை அது கட்டுப்படுத்தாது.

நான் வேலை பார்ப்பது மண், மணல் பரிசோதிக்கும் இடத்தில். கட்டுமானத் துறையில் இந்தக் குழப்பம் எப்போதோ தீர்ந்துவிட்டது. பழைய இந்திய முறையில் 480 நம்பர் சல்லடை என்றால் ஏறக்குறைய 4.8 மி.மீ. ஓட்டை. அதாவது நம்பர் ஏற ஏற ஓட்டை பெரிதாகும், மெஷ் கணக்குக்கு நேர் தலைகீழ்! இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளும் பெரியவர்களை இன்றும் சைட்டில் பார்க்கிறேன். மணல், ஜல்லிக்கான இந்தியத் தரவிதியான ஐ.எஸ். 383, 1970 பதிப்பிலிருந்தே நம்பரையெல்லாம் விட்டுவிட்டு 4.75 மி.மீ., 600 மைக்ரான், 150 மைக்ரான் என்று நேரடியாக ஓட்டையின் அளவையே சொல்கிறது.

அதோடு சதவீதமும் சொல்கிறது. பெருமணல் முதல் நைஸ் மணல் வரை நான்கு வகையாகப் பிரித்து, அவற்றை மண்டலம் என்கிறது. 600 மைக்ரான் சல்லடையில் 35 முதல் 59 சதவீதம் வரை இறங்கினால் அந்த மணல் இரண்டாம் மண்டலம். 60 முதல் 79 என்றால் மூன்றாம் மண்டலம். 80-க்கு மேல் நான்காவது. ஒரே சல்லடையை வைத்துக்கொண்டு மணலின் அளவு இவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. இதைவிடச் சின்னது இத்தனை பங்கு, பெரியது இத்தனை பங்கு என்றுதான் சல்லடை பதில் சொல்லும். அதனால்தான் ஆறேழு சல்லடைகளை அடுக்கிக் குலுக்கி ஒவ்வொன்றிலும் நின்றதை எடை போடுகிறோம். எம் சாண்ட் லோடு வந்தால் நான் முதலில் பார்ப்பது கடைசித் தட்டுகளைத்தான். 150 மைக்ரானில் முதல் மூன்று மண்டல ஆற்று மணல் 10 சதவீதத்துக்கு மேல் இறங்கக் கூடாது. கல்லை உடைத்துச் செய்த மணலுக்கு 20 வரை விலக்கு இருக்கிறது. அந்த விலக்குக்குள் புகுந்து கல்தூளையே மணலாக்கி விற்கிறவர்களும் இருக்கிறார்கள், அது தனிக்கதை.

இன்னொரு விஷயம், துகளின் வடிவம். அரிசி ஆலை வைத்திருப்பவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. முழு அரிசியும் நொய்யும் தடிமனில் ஒன்றுதான், நீளத்தில்தான் வித்தியாசம். நீளமான அரிசி தலைகுத்தலாக நின்று ஓட்டை வழியே இறங்கிவிடும். அதனால் நீளம் பார்த்துப் பிரிக்க, உட்புறம் குழி குழியாக இருக்கும் சுழல் உருளையைப் போடுகிறார்கள். குழியில் நொய் உட்கார்ந்து மேலே போகும், முழு அரிசி நழுவிக் கீழே விழும். அளப்பது நீளத்தை அல்ல, குறுக்களவை என்பதுதான் சல்லடையின் எல்லை.

ஈரமும் சேர்ந்துகொள்ளும். ஐப்பசி அடைமழையில் அதே மாவை அதே சல்லடையில் போட்டால் கட்டிகட்டியாகி மேலேயே நிற்கும். சதவீதம் சொல்லும்போது உலர்த்திச் சலித்ததா என்றும் கேளுங்கள்.

நம் டெல்டா மண்ணில் பெரும்பகுதி சல்லடைக்கே அகப்படாது. மண் பரிசோதனையில் 75 மைக்ரானோடு சல்லடை வேலை முடிந்தது. அதற்குக் கீழே இருக்கும் வண்டலையும் களியையும் தண்ணீரில் கரைத்து, எவ்வளவு நேரத்தில் படிகிறது என்று பார்த்துத்தான் அளக்கிறோம். 75 மைக்ரான் துகள் 10 செ.மீ. இறங்க அரை நிமிடம்கூட ஆகாது. 2 மைக்ரான் களித்துகளுக்கு, தண்ணீர் 20 டிகிரியில் இருந்தால், சுமார் 8 மணி நேரம். சுவாமிமலை ஸ்தபதிகள் சிலை வார்க்கச் செய்யும் மெழுகு உருவத்தின் மேல் முதல் பூச்சாகக் காவிரி வண்டலைப் பூசுவது இந்த நைஸுக்காகத்தான்.

இப்போது ஆன்லைனில் முல்தானி மட்டியை "1000 மெஷ்" என்று போட்டு விற்கிறார்கள். கம்பி நெய்த பரிசோதனைச் சல்லடையில் தர அட்டவணையே 635 நம்பரில், 20 மைக்ரானில் முடிந்துவிடுகிறது. அப்படியிருக்க, ஆயிரத்தை எந்தச் சல்லடையில் சலித்தீர்கள்? லேசர் கருவியில் அளந்திருந்தால் அது கொடுத்த மைக்ரான் எண்ணையே பாக்கெட்டில் அச்சடித்திருக்கலாமே.