ஆள் இல்லாதபோது மட்டும் பெண் வேண்டும்

அங்கிலிக்கன் உலகத்தின் தலைமைப் பதவியான கன்டபரி பேராயர் பதவிக்கு முதன்முதலாக ஒரு பெண்ணை, சாரா மல்லலியை, 2025 ஒக்டோபரில் அறிவித்தார்கள். அன்றிலிருந்து நம்முடைய சபை வாட்ஸ்அப் குழுக்களில் நடக்கிற சண்டையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கடைசிக் காலத்தின் அடையாளம் என்று ஒருவர் போடுகிறார், லண்டனில் என்ன நடந்தால் நமக்கென்ன என்று இன்னொருவர். நமக்கென்ன என்று அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது. இலங்கை அங்கிலிக்கன் திருச்சபை தனித் திருச்சபை மாகாணம் (தன்னாட்சிப் பிரிவு) கிடையாது, கொழும்பு, குருநாகல் என்ற இரண்டு மறைமாவட்டங்களுக்கும் மேலே இருப்பவர் கன்டபரி பேராயர்தான். ஆக, கொழும்பு 7 பேராலயத்தில் முழங்காலிடுகிறவருக்கும் இது சொந்த வீட்டு விஷயம்.

நான் அங்கிலிக்கன் இல்லை, வேறு சபை. ஆனால் எந்தச் சபையாக இருந்தாலும் எனக்குள்ள கேள்வி ஒன்றுதான்: வேலையைச் செய்கிற பெண்ணுக்கு அந்த வேலையின் பெயரை, சம்பளத்தை, வாக்குரிமையைக் கொடுப்பதில் உங்களுக்கு என்ன கஷ்டம்?

வத்தளையிலிருந்து தெஹிவளை வரைக்கும் இருக்கிற சின்னச் சின்ன சுயாதீன சபைகளைப் பாருங்கள். பாஸ்டரம்மா இல்லாமல் எந்தச் சபையாவது ஓடுகிறதா? பெண்கள் கூட்டம் அவர், ஞாயிறு பாடசாலை அவர், உபவாச ஜெபம் அவர், ஆஸ்பத்திரியில் யாராவது கிடந்தால் சோற்றுப் பார்சலோடு போகிறவரும் அவர், புருஷன் குடித்துவிட்டு அடிக்கிறான் என்று ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு பிள்ளை கதவைத் தட்டினால் எழும்பி வருகிறவரும் அவர்தான். பாஸ்டர் வெளிநாட்டு ஊழியத்துக்குப் போன ஞாயிறுகளில் பிரசங்கமும் அவர், ஆனால் அதற்குப் பெயர் பிரசங்கம் இல்லையாம், "சாட்சி". சம்பளம்? பாஸ்டருக்குக் கொடுப்பதிலேயே அவருடையதும் அடக்கம் என்பார்கள். சரி, நாளைக்கு அந்த பாஸ்டர் இறந்துபோனால்? புது பாஸ்டர் குடும்பத்தோடு வருவார், சபை கொடுத்த வீட்டைக் காலி பண்ண வேண்டும். இருபது வருஷ ஊழியம் அன்றோடு முடிந்தது, ஏனென்றால் பதிவேட்டில் அவர் ஊழியரே இல்லை, ஊழியரின் மனைவி.

இது இன்றைக்கு ஆரம்பித்த பழக்கமும் இல்லை. அங்கிலிக்கன் உலகத்தில் முதன்முதலாகக் குருவாக அபிஷேகம் பெற்ற பெண் ஃபுளோரன்ஸ் லீ டிம்-ஒய், சீனப் பெண். 1944இல் யுத்த நேரம், மக்காவ் சபைக்கு நற்கருணை கொடுக்க ஒரு குருவும் போய்ச் சேர முடியவில்லை, ஆகவே ஹொங்கொங் ஆயர் அவரை அபிஷேகம் பண்ணினார். யுத்தம் முடிந்ததும் பெரியவர்களுக்கு ஞானம் திரும்பிவிட்டது, பெண் எப்படிக் குருவாக இருக்கலாம் என்று நெருக்கினார்கள், 1946இல் அவர் தன் அனுமதிப்பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தார். குண்டு விழும்போது கடவுளுக்கு இருக்காத ஆட்சேபனை சமாதானம் வந்ததும் எங்கிருந்து வந்தது?

உடனே கொமெண்டில், பெண் உபதேசம் பண்ணவும் ஆணின்மேல் அதிகாரம் செலுத்தவும் கூடாது என்கிற 1 தீமோத்தேயு 2:12ஐத் தூக்கிக்கொண்டு வருவீர்கள், தெரியும். வாருங்கள், வரும்போது அதே அதிகாரம் 9ஆம் வசனத்தையும் கொண்டுவாருங்கள். தலைமயிரைப் பின்னக் கூடாது, பொன் கூடாது, முத்து கூடாது, விலை உயர்ந்த உடை கூடாது. செட்டியார் தெருவில் ஒரு பொழுது முழுக்க நகை பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வந்து பன்னிரண்டாம் வசனத்தை மட்டும் கல்லில் எழுதியதாகச் சொல்வது எந்த ஊர் நியாயம்? (நகையைக் கழற்றிய சபைக்காரர்களே, உங்களைச் சொல்லவில்லை, ஆனாலும் பின்னல் இருக்கிறது.) பெண்கள் சபையில் பேசக்கூடாது என்பதற்கு 1 கொரிந்தியர் 14ஐக் காட்டுவார்கள். அதே கடிதத்தில் மூன்று அதிகாரம் முன்னால், பெண் ஜெபம் பண்ணும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் தலையை மூடிக்கொள்ளட்டும் என்கிறார் பவுல். வாயையே திறக்கக் கூடாதென்றால் தலைக்கு முக்காடு எதற்கு?

கத்தோலிக்க நண்பர்களிடம் சுருக்கமாக: உங்களுக்கு 1994இலேயே பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் (ஜோன் போல்) கதவை மூடிவிட்டார், பெண்களுக்குக் குருத்துவம் இல்லை என்று. ஆனால் குருத்துவம் தேவைப்படாத கதிரைகளும் நிறைய இருக்கின்றன. 2025 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் சிமோனா பிரம்பில்லா என்ற கன்னியாஸ்திரியை வத்திக்கானில் ஒரு முழுத் திணைக்களத்துக்கே தலைவராக வைத்தார். அங்கே அது முடியுமென்றால், இங்கே பங்குப் பேரவையில் ஒரு பெண் தலையிட்டுப் பேசினால் ஏன் முகம் சுளிக்கிறது?

கதவு திறந்த சபைகளும் அவ்வளவாகப் பெருமைப்பட வேண்டாம். இந்த நாடு 1931இலேயே பெண்களுக்கு வாக்குரிமை பெற்றது, 1960இல் உலகத்தின் முதல் பெண் பிரதமரைக் கண்டது. இலங்கை அங்கிலிக்கன் சபையில் முதல் பெண் குருக்கள் வர 2006 ஆனது. வந்த பிறகு எல்லாம் சரியாகிவிட்டதா? எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், மகளின் கலியாணத்துக்கு, "பெண் போதகர் வேண்டாம், அவர் நல்லவர்தான், ஆனால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்" என்று சொல்லி வேறு சபையிலிருந்து ஒரு ஆணைக் கூட்டிவந்தார்கள். அதைச் சொன்னது அந்த வீட்டு ஆண் இல்லை, தாய். அந்தப் போதகர் பந்தியில் உட்கார்ந்து சிரித்த முகத்தோடு சாப்பிட்டுவிட்டுப் போனார். அந்தத் தாயின் சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் இரவு கூடவே இருந்து ஜெபித்தவரும் அவர்தான், அப்போது மாப்பிள்ளை வீட்டார் ஞாபகம் வரவில்லை.

வருடாந்தப் பொதுக்கூட்டக் காலம் வரப்போகிறது. மாதர் சங்கம் வழக்கம்போல ரோல்ஸும் பட்டிஸும் பொரித்துக் கட்டட நிதிக்குக் காசு சேர்க்கும், வழக்கம்போல அந்தக் காசை எண்ணிக் கணக்கெழுதும் பொருளாளர் ஆணாக இருப்பார். இந்த முறை என் சபையில் பொருளாளர் பதவிக்கு ஒரு பெண்ணின் பெயரை நான் முன்மொழியப் போகிறேன். வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், கணக்கில் எங்கள் கொமிட்டியில் யாரும் அவரிடம் நிற்க முடியாது. வழிமொழிய ஒரு ஆள் வேண்டும், சபைக்காரர் யாராவது இதைப் படித்தால் இன்பொக்ஸில் வாருங்கள்.