விமானிகளின் சம்பள வெட்டு: கைமாற்று கொடுத்தவர் கணக்குக் கேட்டால் பேராசையா?

விமானிகள் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ள மறுக்கிறார்கள் என்று உலகின் எந்த மூலையிலிருந்து செய்தி வந்தாலும் நம் சிங்கப்பூரில் முதலில் வரும் பதில் ஒன்றுதான்: "வாங்குற சம்பளத்துக்கு இவங்களுக்கு என்ன குறைச்சல்?" தேக்காவில் டீ குடிக்கும் இடத்திலும் இதைக் கேட்டிருக்கிறேன், குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் பார்த்திருக்கிறேன். எங்கள் மாமா ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், "பறக்கிறவன் பறக்கட்டும், காசைப் பத்தி என்ன பேச்சு" என்பார். மாமா பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். வேலையில் இருந்த காலம் முழுக்க அவர் பேசியது காசைப் பற்றித்தான்.

விமானி நிறைய வாங்குகிறார், சரி. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் நெருக்கடி வந்ததும் ஒரு நிறுவனம் ஊழியரிடம் வந்து "இந்த ஆண்டு கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்" என்று கேட்பது, என் கணக்கில் கைமாற்று கேட்பது மாதிரிதான். கைமாற்று கொடுப்பவருக்கு வசதி இருக்கிறது என்பதாலேயே "எப்போ திருப்பித் தருவே?" என்று அவர் கேட்கக் கூடாதா? வங்கியிடம் கடன் வாங்கும்போது வட்டி, தவணை, ஈடு எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற நிர்வாகம், ஊழியரிடம் மட்டும் ஏன் ஒரு தேதிகூடப் போடாமல் வாங்கிக்கொள்ளப் பார்க்கிறது?

விமானிகள் ஏன் மற்றவர்களைவிட அதிகமாக முரண்டு பிடிக்கிறார்கள் என்பதற்கு அவர்களுடைய தொழிலிலேயே காரணம் இருக்கிறது. ஒரு கணக்காளருக்குச் சம்பளம் பிடிக்கவில்லை என்றால் தஞ்சோங் பகாரில் ஒரு கட்டடத்திலிருந்து அடுத்த கட்டடத்துக்கு மாறிவிடலாம், சம்பளம் கூடவே செய்யலாம். விமானிக்கு அது முடியாது. பெரும்பாலான பெரிய விமான நிறுவனங்களில் பணிமூப்பு வரிசை என்று ஒன்று உண்டு. யார் எப்போது கேப்டன் ஆவார், யாருக்கு எந்தத் தடம், யாருக்குத் தீபாவளிக்கு விடுப்பு என்பதையெல்லாம் அந்த வரிசை எண்தான் தீர்மானிக்கும். பதினைந்து ஆண்டு ஒரு இடத்தில் பறந்தவர் வேறு நிறுவனத்துக்குப் போனால் பல இடங்களில் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். வளைகுடாவிலும் சீனாவிலும் நேரடியாகக் கேப்டன்களை எடுப்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் நெருக்கடி வந்தால் முதலில் சாத்தப்படுவது அந்தக் கதவு.

அதற்கு மேல் உரிமம். ஏர்பஸ் ஏ380 ஓட்டுகிறவர் மறுநாள் போய் போயிங் 737இல் உட்கார முடியாது. ஒவ்வொரு ரகத்துக்கும் தனிப் பயிற்சி, தனித் தகுதி. பயணிகளை ஏற்றிப் பறக்க வேண்டுமானால் கடந்த 90 நாளில் மூன்று முறையாவது மேலேற்றி, மூன்று முறையாவது தரையிறக்கியிருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் சோதனை, அப்புறம் முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ். இரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறிவிட்டால் தொழிலே நின்றுபோகலாம். வேறு எந்தத் தொழிலில் நாற்பது வயதுக்காரர் ஒவ்வோர் அரையாண்டும் தன் வேலையைத் திரும்பத் தேர்வெழுதிச் சம்பாதிக்கிறார்? வெளியே போக வழி குறைவு என்பதால் விமானி உள்ளே நின்றுதான் பேரம் பேச முடியும். அதைப் பார்த்து நாம் திமிர் என்கிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விமானியின் வருமானத்தில் அடிப்படைச் சம்பளம் ஒரு பகுதி. பறந்த நேரத்துக்கு ஏற்ப வரும் படிகள் இன்னொரு பகுதி. விமானங்கள் தரையில் நின்றால், வெட்டுக் கடிதம் வருவதற்கு முன்பே அந்தப் படிகள் போய்விடும். ஆகவே செய்தியில் வரும் விழுக்காடும் வீட்டுக்கு வரும் பணத்தில் விழும் ஓட்டையும் ஒரே அளவாக இருப்பதில்லை.

2003க்கு வருவோம். என் வயதுக்காரர்களுக்கு சார்ஸ் நோய்த்தொற்று நினைவிருக்கும். சாங்கி விமான நிலையம் வெறிச்சோடிக் கிடந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அந்த ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரையான காலாண்டில் 312 மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நட்டம் காட்டியது. 1985இல் பங்குச்சந்தைக்கு வந்ததிலிருந்து அவர்கள் பார்த்த முதல் காலாண்டு நட்டம் அது. ஆட்குறைப்பில் 596 பேர் வேலை இழந்தார்கள். விமானிகள் சங்கமான ஆல்பா-எஸ் பேச்சு நடத்தி, அதிகபட்சம் 16.5 விழுக்காடு வரையிலான சம்பள வெட்டுக்கு ஒப்புக்கொண்டது. அப்புறம் என்ன நடந்தது? அடுத்த காலாண்டிலேயே லாபம் திரும்பிவிட்டது. நவம்பரில் சங்க உறுப்பினர்கள் கூடி, ஒப்பந்தம் பேசிய தங்கள் தலைவர்களையே வாக்களித்து வெளியே அனுப்பினார்கள். அந்த நிதியாண்டின் முடிவில் நிறுவனத்தின் நிகர லாபம் 849 மில்லியன் வெள்ளி.

அந்த வாக்கெடுப்பைத்தான் அப்போது பேராசை என்றார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. வெட்டுக்கு ஒப்புக்கொண்டவர்கள் அதே விமானிகள்தாம். நோய் போய், விமானங்கள் நிரம்பி, லாபமும் வந்த பிறகு "அவசரப்பட்டு அதிகமாகக் கொடுத்துவிட்டோமோ?" என்று யாருக்குத்தான் தோன்றாது? லாபம் ஓர் அளவைத் தாண்டினால் வெட்டியதற்கு ஈடு தருவதாக நிறுவனம் ஏற்பாடு செய்திருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அது நல்ல ஏற்பாடு. கோபம் பணத்தைவிட, ஆட்குறைப்பும் வெட்டும் வந்த வேகத்தையும், தங்களைக் கலந்துகொண்ட விதத்தையும் பற்றியது என்றுதான் அன்றைய செய்திகளைப் படித்தபோது எனக்குப் பட்டது.

அதே 2003இல் அமெரிக்காவில் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் திவாலின் விளிம்பில் நின்றது. விமானிகள் மட்டும் ஆண்டுக்கு 660 மில்லியன் டாலர் விட்டுக்கொடுத்தார்கள். கையெழுத்து ஆகும் நேரத்தில் ஒரு செய்தி கசிந்தது: உயர் அதிகாரிகள் விட்டுப் போகாமல் இருக்க அவர்களுக்குத் தக்கவைப்பு போனஸ் ஒதுக்கியிருந்தார்கள், நிறுவனம் திவாலானாலும் கைபடாதபடி அவர்களுடைய ஓய்வூதியத்துக்குத் தனி அறக்கட்டளையும் வைத்திருந்தார்கள். தொழிற்சங்கங்கள் கொதித்தன. தலைமை நிர்வாகி டான் கார்ட்டி ஏப்ரலில் பதவி விலகினார். ஊழியர்களின் வயிற்றைக் கட்டச் சொன்னவர்கள் தங்கள் தட்டை மட்டும் மூடி வைத்திருந்தார்கள். இப்படி ஒன்றைப் பார்த்த விமானி அடுத்த முறை "கணக்குப் புத்தகத்தைக் காட்டு" என்று கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியுமா? டெல்டா விமானிகள் 2004இல் 32.5 விழுக்காடு வெட்டை ஏற்றார்கள். அடுத்த ஆண்டே நிறுவனம் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. விமானிகளிடம் மறுபடியும் வந்து கேட்டார்கள். யுனைடெட்டில் 2005இல் ஓய்வூதியத் திட்டங்களையே கைகழுவினார்கள். கொடுத்த வெட்டு நிறுவனத்தைக் காப்பாற்றிவிடும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. அதனால்தான் பழைய விமானிகள் இந்தப் பேச்சை எடுத்தாலே முகம் சுளிக்கிறார்கள்.

நம் ஊரில் கொரோனா வந்த 2020 வேறு மாதிரி போனது. மார்ச் மாதம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் பறப்புத் திறனில் 96 விழுக்காட்டை வெட்டியது. துணை நிறுவனமான சில்க்ஏரையும் சேர்த்து 147 விமானங்களில் 138 தரையில். உள்நாட்டுத் தடம் என்று ஒன்றே இல்லாத நிறுவனம் அது, எல்லைகள் மூடினால் பறக்க இடமே இல்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் குழுமம் 4,300 பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தது. விமானிகள் முதலில் ஒரு வெட்டு, பிறகு வேலைகளைக் காப்பாற்ற அதைவிட ஆழமான வெட்டு என்று இரண்டு முறை ஒப்புக்கொண்டார்கள். பெரிய சண்டை எதுவும் வெளியே தெரியவில்லை.

ஏன்? அதிகாரத்துக்குப் பயந்துதான் என்பார் சிலர். கொஞ்சம் இருக்கலாம். ஆனால் எனக்கு வேறு காரணங்கள் பெரிதாகத் தெரிகின்றன. தலைமை நிர்வாகி தன் சம்பளத்தில் 30 விழுக்காடு குறைத்துக்கொண்டார். அரசாங்க முதலீட்டு நிறுவனமான தெமாசெக் பின்னால் நிற்க, 15 பில்லியன் வெள்ளி வரை திரட்டும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அரசாங்கம் வேலை ஆதரவுத் திட்டத்தின் கீழ் சம்பளத்தில் ஒரு பங்கைத் தந்தது. எல்லாரும் பை திறந்திருந்தார்கள், விமானியும் திறந்தார். 2020-21இல் 4.27 பில்லியன் வெள்ளி நட்டம். 2022-23இல் அதுவரை காணாத 2.16 பில்லியன் வெள்ளி லாபம், அடுத்த ஆண்டு 2.67 பில்லியன். அந்த இரண்டாவது ஆண்டுக்கு ஊழியர்களுக்கு எட்டு மாதச் சம்பளத்துக்கு நெருக்கமான போனஸ் கிடைத்ததை எல்லாரும் முகநூலில் பகிர்ந்து பெருமூச்சு விட்டோம். அந்தப் பெருமூச்சு விட்டவர்களில் எத்தனை பேர், அதற்கு முன்னால் அந்த ஊழியர்கள் விட்டுக்கொடுத்ததை நினைத்தார்கள் என்று தெரியவில்லை.

ஹாங்காங்கின் கத்தே பசிபிக் அதே நேரத்தில் எதிர் வழியில் போனது. 2020 அக்டோபரில் தன் துணை நிறுவனமான கத்தே டிராகனை மூடிவிட்டு, விமானிகளிடம் புதிய ஒப்பந்தத்தை நீட்டியது. அதிலிருந்தது தற்காலிக வெட்டு இல்லை, நிரந்தரக் குறைப்பு. கையெழுத்துப் போடாவிட்டால் வேலை இல்லை. ஏறக்குறைய எல்லாரும் போட்டார்கள். பிறகு பலர் ஒருவர் பின் ஒருவராக வெளியேறினார்கள். 2023 கடைசியிலும் 2024 தொடக்கத்திலும், பயணிகள் திரும்பி வந்துவிட்ட விடுமுறைக் காலத்தில், போதிய விமானிகள் இல்லாமல் கத்தே விமானங்களை ரத்து செய்தது. அன்று மிச்சம் பிடித்தது எவ்வளவு, இன்று இழந்தது எவ்வளவு என்று அவர்களே கணக்குப் போட்டிருப்பார்கள்.

இதெல்லாம் காக்பிட்டில் உட்கார்ந்திருப்பவர்களின் கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். 1986இல் பொருளியல் மந்தத்தைச் சமாளிக்க, தொழிலாளியின் ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேமநிதிக்கு முதலாளிகள் செலுத்தும் பங்கை 25 விழுக்காட்டிலிருந்து 10க்குக் குறைத்தார்கள். நாடே விட்டுக்கொடுத்த வெட்டு அது. இன்று 55 வயதுக்குட்பட்டவர்களுக்கு அந்தப் பங்கு 17 விழுக்காடு. மந்தம் போய் எத்தனையோ ஆண்டு ஆகிவிட்டது, 25 திரும்பவில்லை. அதற்குப் பொருளியல் காரணங்கள் சொல்வார்கள், சில நியாயமானவையும்கூட. ஆனால் தற்காலிகம் என்று கொடுத்தது பழையபடி திரும்பாது என்பதைச் சிங்கப்பூர்த் தொழிலாளி யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

2020இல் நான் வேலை பார்த்த சரக்கு நிறுவனத்தில் எங்களுக்கும் ஒரு கடிதம் வந்தது. பத்து விழுக்காடு, "நிலைமை சீராகும் வரை". சரக்கு விமானங்கள் அந்தச் சமயத்தில் இரவு பகலாகப் பறந்தன. கிடங்கில் நிற்க இடம் இல்லை. எங்களுக்கு மட்டும் நிலைமை சீராகவே இல்லை. எங்களிடம் சங்கம் கிடையாது, பைலட் உரிமம் கிடையாது, "சீர்" என்றால் என்ன என்று கேட்கவும் ஆள் கிடையாது. ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனோம். விமானிகள் முரண்டு பிடிக்கிறார்கள் என்ற செய்தியைப் படிக்கும்போது எனக்கு எரிச்சல் வராததற்கு இதுவும் ஒரு காரணம். கேட்கக்கூடிய இடத்தில் இருப்பவராவது கேட்கட்டும்.

"அப்போ லீ குவான் இயூ செஞ்சது தப்பா?" என்று கருத்துப் பெட்டியில் எப்படியும் யாராவது வருவீர்கள். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். விமானிகளிடம் அவர் கடுமை காட்டியது இரண்டு முறை. 1980 ஒரு கதை, 2003 வேறு கதை. 1980இல் விமானிகள் கேட்டது சம்பள உயர்வு. விதிப்படி மட்டும்தான் வேலை செய்வோம் என்று இழுத்தடித்து அழுத்தம் கொடுத்தார்கள். தனி நாடாகிப் பதினைந்து ஆண்டுதான் ஆகியிருந்தது. எட்டு வயதான விமான நிறுவனம், அடுத்த ஆண்டு திறக்கவிருந்த சாங்கி விமான நிலையம். அன்று பிரதமராக இருந்த லீ விமானிகளைக் கூப்பிட்டுக் கடுமையாகப் பேசினார், சங்கப் பொறுப்பாளர்கள் மீது வழக்கு வந்தது, 1981இல் பழைய சங்கம் பதிவு இழந்து அதன் இடத்தில் ஆல்பா-எஸ் வந்தது. அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் அவர் பக்கம்தான் சாய்ந்திருப்பேன்.

2003இல் விமானிகள் விமானத்தை நிறுத்தவில்லை. தங்கள் சங்கத்துக்குள் ஒரு வாக்கெடுப்பு நடத்தினார்கள், அவ்வளவுதான். அப்போது மூத்த அமைச்சராக இருந்த லீ, மோதிப் பார்த்தால் மண்டை உடையும் என்ற பொருளில் எச்சரித்தார். பின்னணியில் இருந்ததாகச் சொல்லப்பட்ட வெளிநாட்டு விமானி ஒருவரின் நிரந்தரவாசத் தகுதி பறிக்கப்பட்டது. சிறிய நாடு, விமானப் போக்குவரத்து மையம் என்ற இடம் கைநழுவினால் திரும்ப வராது என்ற கவலை எனக்குப் புரிகிறது. ஹாங்காங்கும் துபாயும் தூங்கவில்லை. அதுவரைகூட நான் வாதாடுவேன், இரண்டு பக்கமும். ஆனால் 2004இல் தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்தினார்கள். நிர்வாகத்தோடு செய்யும் ஒப்பந்தத்துக்கு உறுப்பினர்களின் ஒப்புதலை வாங்க வேண்டும் என்று ஆல்பா-எஸ் தன் விதியில் வைத்திருந்த நிபந்தனை அதோடு செல்லாமல் போனது. கைமாற்று கொடுப்பது விமானிகள். கொடுக்கலாமா என்று முடிவெடுப்பது அவர்களின் பிரதிநிதிகள் மட்டும். இதற்கு அரசாங்கம், முதலாளி, சங்கம் மூன்றும் சேர்ந்த முத்தரப்பு இணக்கம் என்று யாராவது விளக்கம் சொன்னால் பொறுமையாகக் கேட்கிறேன், இதுவரை எனக்கு ஒப்பும்படி யாரும் சொல்லவில்லை.