நின்றதால் சாப்பிட்டார்

நின்றிருக்கும் ரயிலின் எஞ்சினில் டிரைவர் சாப்பிடுகிற அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பதினோரு பேர் அனுப்பியாகிவிட்டது. "நாங்க ஆபீசுக்கு லேட்டு, டிரைவர் சார் சாவகாசமா தயிர்சாதம் சாப்பிடுறார்" என்று எழுதி, அமைச்சர் வரைக்கும் டேக் செய்து, கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். அந்த மனிதரின் முகத்தை மறைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

வீடியோவின் ஓரத்திலேயே, வண்டியைக் கிளம்பவிடும் ஸ்டார்ட்டர் சிக்னல் சிவப்பாக எரிகிறது. எந்த வண்டியை லூப் லைன் என்கிற பக்கத்துப் பாதையில் ஒதுக்கி எதை முன்னால் விடுவது என்று சொல்வது எங்கோ ஒரு அறையில் இருக்கும் செக்‌ஷன் கண்ட்ரோலர். சிவப்பைத் தாண்டினால் லோகோ பைலட்டின், அதாவது நீங்கள் சொல்லும் டிரைவரின், வேலைக்கே உலை. வண்டி நின்றதால் அவர் சாப்பிட்டார், அவர் சாப்பிட்டதால் வண்டி நிற்கவில்லை. இதை இரண்டு தடவை படியுங்கள், அப்புறம் சிரிக்கலாம்.

ஓடும்போது சாப்பிடலாமே என்பீர்கள். ஒவ்வொரு சிக்னலையும் உதவி லோகோ பைலட்டும் அவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும். ஒரு நிமிஷம் எந்தக் கைப்பிடியையும் தொடாமல் இருந்தால் எஞ்சின் விளக்கு போட்டு, ஒலி எழுப்பி, அப்புறம் தானே பிரேக் போட்டுவிடும். பெரும்பாலான எஞ்சின்களில் கழிவறை கிடையாது. தண்ணீர் குடிக்கவே யோசிக்கிற ஆள், நின்ற இடத்தில் டப்பாவைத் திறந்தது குற்றம்.

என் அப்பா ஜோலார்பேட்டையில் இந்த வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ராத்திரி இரண்டு மணிக்கு, டூட்டிக்குக் கூப்பிடும் கால் பாய் சைக்கிளில் வந்து கதவைத் தட்டி, நோட்டில் கையெழுத்து வாங்கிப் போவார். பகலில் அப்பா தூங்கும்போது அம்மா குக்கர் வைக்க மாட்டாள், விசில் சத்தத்துக்கு எழுந்துவிடுவார் என்று சட்டியில்தான் சோறு. தண்டவாளத்தில் யாராவது விழுந்த நாளில் வந்ததும் கிணற்றடியில் வெகுநேரம் குளிப்பார். அன்றைக்கு அவர் சாப்பிடாததை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

"டிக்கெட் வாங்குகிறோம், கேட்க உரிமை இல்லையா?" கேளுங்கள். ரயில்வே உதவி எண் 139 இருக்கிறது, புகார் போட ரயில்மதத் இருக்கிறது. கழிவறையில் தண்ணீர் வரவில்லை என்று நானே போட்டிருக்கிறேன், போன மாசம்கூட. ஆனால் நான் யார் முகத்தையும் ஊருக்குக் காட்டவில்லை. சில டிரைவர்கள் தப்பு செய்வதில்லையா என்றால், செய்வார்கள், அதற்கு விசாரணை உண்டு. சரி, அதை விடுங்கள்.

2024 ஜூன் 17 ஞாபகம் இருக்கிறதா? நியூ ஜல்பைகுரி பக்கம் நின்றிருந்த கஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸின் பின்னால் சரக்கு ரயில் மோதியது. சரக்கு ரயிலின் லோகோ பைலட் செத்துப்போனார். அன்றைக்கே மேலிடத்திலிருந்து அவர் சிக்னலை மதிக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணையில், பழுதான சிக்னல்களைத் தாண்டிப் போகலாம் என்று அவர் கையில் கொடுத்த தாளே தப்பு என்று வந்தது. முதல் நாள் அவரைத் திட்டியவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்து பதிவை அழித்தீர்கள்? இதற்கும் தயிர்சாதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, போய்வாருங்கள்.

அப்பாவுக்கும் யாரோ அனுப்பியிருக்கிறார்கள். கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "அசிஸ்டெண்ட் பையன் சாப்பிட்டானா தெரியலையே" என்று மட்டும் சொன்னார்.