பதினோரு பட்டறை, பதினோரு பேரம்

மதுரையில் எங்கள் தெருவில் மரச்சாமான் செய்யும் பட்டறைகள் பதினொன்று. பதினோரு பேரும் ஒரே மரவாடிக்குத் தனித்தனியாகப் போகிறோம், தனித்தனியாகப் பேரம் பேசுகிறோம், தனித்தனியாக ஏமாந்து வருகிறோம். வழியில் எதிர்ப்பட்டால் கன அடி என்ன விலைக்கு எடுத்தீர்கள் என்று ஒருவரையொருவர் கேட்பதில்லை. கேட்டாலும் உண்மை வராது. நானும் சொன்னதில்லை.

இப்போது எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் சுழற்சிப் பொருளாதாரம் என்கிறார்கள், அதாவது பொருளை வீசாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது. தச்சுவேலை தெரிந்தவனுக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது? காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்து பாருங்கள். இடித்த வீடுகளின் தூணும் நிலையும் கதவும் அடுத்த வீட்டுக்காகக் காத்து நிற்கும். மரத்தைத் திரும்பப் பயன்படுத்த எங்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். எங்களுக்கு வராதது பக்கத்துப் பட்டறைக்காரனோடு பேசுவது. அதை எந்தக் கூட்டத்திலும் யாரும் சொல்லக் கேட்கவில்லை.

என் கதையையே சொல்கிறேன். கட்டில் சட்டம் அறுத்தால் 8 அங்குலம், 10 அங்குலம் என்று தேக்குத் துண்டுகள் மிஞ்சும். பல வருடங்களாக அவற்றை மூட்டை கட்டி டீக்கடை அடுப்புக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மூட்டைக்கு 50 ரூபாய், கூடவே இரண்டு டீ. நான்கு கடை தள்ளி ஒருவர் பூஜை மாடம் செய்கிறார். குட்டித் தூண், கைப்பிடி, இழுப்பறைக் குமிழ் என்று அவருக்கு வேண்டியதெல்லாம் அந்த அளவுத் துண்டுகள்தான். அவரோ முழுப் பலகை வாங்கித் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் டீ குடிக்க வந்தவர் அடுப்போரம் கிடந்த என் கட்டை ஒன்றை எடுத்தார். நகத்தால் சுரண்டினார், மோந்து பார்த்தார். "அண்ணாச்சி, இது யார் பட்டறைக் கட்டை?" என்று டீ ஆற்றுகிறவரிடம் கேட்டார். அவர் கையைக் காட்டிய திசையில் நான் நின்றுகொண்டிருந்தேன். வைரம் பாய்ந்த தேக்கு. பதினாறு வருடம் ஒரே தெருவில் இருக்கிறோம்.

மரத்தூள் இன்னும் மோசம். தேக்கு, வேம்பு இழைத்த சுருளும் தூளும் கோழிப் பண்ணைக்குத் தரையில் பரப்ப ஆகும். பிளைவுட், எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்யும் பலகை) அறுத்த தூளில் பசை இருக்கிறது, அது ஆகாது. ஒரு பட்டறைத் தூளுக்காக எந்தப் பண்ணைக்காரரும் வண்டி அனுப்ப மாட்டார். பதினோரு பட்டறைத் தூளையும் சேர்த்தால் அனுப்புவார். சேர்த்தும் பார்த்தோம். யாரோ ஒருவர் எம்டிஎஃப் தூளை உள்ளே கலந்துவிட, வந்த வண்டி காலியாகத் திரும்பியது. அது யார் என்பது எனக்குத் தெரியும், அவர் இதைப் படிப்பார் என்பதும் தெரியும்.

பழைய மரத்துக்கு வருவோம். மியான்மர் 2014 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. இப்போது ஆப்பிரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் தோட்டத் தேக்கு இறங்குகிறது. இள மரத்தில் வெள்ளை என்கிற மெத்தென்ற வெளிப்பகுதி அதிகம், வைரம் என்கிற உள்மரம் குறைவு. எழுபது எண்பது வருடம் கூரைக்கடியில் காய்ந்த பர்மா உத்தரத்துக்கு இது ஈடாகுமா? ஆனால் வீடு இடிக்கிற ஒப்பந்தக்காரர் ஒரு கதவை மட்டும் தனியாகத் தரமாட்டார், மொத்தமாக எடு என்பார். அவ்வளவு ரொக்கம் ஒருவனிடம் இருக்காது. தரகர் எடுப்பார், பிறகு அவர் சொன்னதுதான் விலை.

ஒரே ஒருமுறை நாங்கள் ஐந்து பேர் பணம் போட்டு ஒரு வீட்டு மரத்தை எடுத்தோம். உத்தரம் எனக்கு, நிலை ஒருவருக்கு, கைமரங்கள் பூஜை மாடக்காரருக்கு. அறுவை மில்லில் முதல் உத்தரத்தை ஏற்றியதுமே கிறீச்சென்று ஒரு சத்தம், ரம்பப் பட்டையில் நான்கு பல் போயிற்று. உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு பழைய ஆணி, தலை உடைந்து மரத்தோடு மரமாக மறைந்து கிடந்திருக்கிறது. பட்டைக்கான காசு யார் தலையில் என்று ஒரு மணி நேரம் சண்டை. கடைசியில் ஐந்தாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஆணி இருக்குமிடம் காட்டும் கைக்கருவி ஒன்று வாங்கினோம். அந்த ஒரு மணி நேரச் சண்டையில் வந்த கருவி இன்றும் ஐந்து பட்டறைக்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பிறகு ஏன் அந்த ஏற்பாடு தொடரவில்லை? பணம். ஷோரூமுக்குச் சரக்கு அனுப்பினால் நான்கு மாதம் கழித்துக் காசோலை வருகிறது. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குறு, சிறு தொழில்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்குள், இல்லையென்றால் 15 நாட்களுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தாமதித்தால் பணம் கொடுக்கும்வரை சரக்கு வாங்கியவர் அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்ற விதியும் 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்துவிட்டது. இதை ஒரு ஷோரூம்காரரிடம் மெதுவாக நினைவூட்டினேன். அடுத்த ஆர்டர் வரவில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: பழைய மரத்துக்குக் கையில் ரொக்கம் வேண்டும், பலகைக் கடையிலோ பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்துகளைப் பசையால் ஒட்டிய பலகை, கடனுக்குக் கிடைக்கும். எந்தப் பொருளில் அலமாரி செய்வது என்று நான் முடிவு செய்வதில்லை, எனக்கு வரவேண்டிய பாக்கி முடிவு செய்கிறது. அந்த அலமாரியை வீடு மாறும்போது ஒருமுறை கழற்றிப் பூட்டினால் திருகு பிடிக்காது. துளை போட்டு, மரத்தைச் செருகி, மூங்கில் ஆணி அடித்த நாற்காலி என்றால் காலை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுவேன்.

தூத்துக்குடியில் சர்வதேச அறைகலன் பூங்காவுக்கு 2022 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். ஆயிரம் ஏக்கருக்கு மேல். வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆறு ஆள் வைத்திருக்கும் நான் அங்கே எதை எடுத்துக்கொண்டு போவது? எங்களுக்கு வேண்டியது தெருமுனையில் மரம் உலர்த்த ஒரு பொதுச் சூளை, ஒரு பொதுக் கிடங்கு. இதற்கு மத்திய அரசின் குழுமத் திட்டத்தில் மானியம் உண்டு, முதலில் நாங்கள் ஓர் அமைப்பாகச் சேர வேண்டும். சேர்ந்தோம். முதல் கூட்டத்தில் வடையும் காபியும். இரண்டாவது கூட்டத்தில் தலைவர் யார் என்ற பேச்சு வந்தது. மூன்றாவது கூட்டம் நடக்கவில்லை.

பூஜை மாடக்காரருக்காக என் பட்டறை வாசலில் இப்போது ஓர் உரச்சாக்கு தொங்குகிறது. அது நிறைய எத்தனை நாளாகும் என்று நினைக்கிறீர்கள்? பத்து நாள். துண்டுகளுக்கு அவர் காசு தருவதில்லை, என் கட்டில் கால்களை அவருடைய கடைசலில் கடைந்து தருகிறார். இருவரும் இன்னும் கணக்கு எழுதவில்லை.

திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு பழைய வீடு இடிக்கப் போகிறார்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்கு டீக்கடையில் இருப்பேன். வருகிறவர்கள் தங்களுக்கு வேண்டிய மரத்தின் அளவை எழுதி எடுத்து வாருங்கள். தலைவர் தேர்தல் கிடையாது.